பங்க் பாடகருக்கு வயசானா என்ன ஆகும்? ஜானி ராட்டன் கதை!

1977-ல் பிரிட்டன் ராணியைச் சீண்டிப் பாடியவர் ஜானி ராட்டன். அந்தப் பாட்டை ஒலிபரப்பவே மாட்டோம் என்றது பிபிசி. 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற பங்க் இசைக்குழுவின் பாடகர் இவர். கிழிந்த சட்டை, அதில் ஊக்கு, முள்முள்ளாக நிற்கும் முடி... லண்டன் பசங்க அப்படியே காப்பியடித்தார்கள். 1978-ல் குழு உடைந்ததும், சொந்தப் பெயரான ஜான் லிடனுக்கே திரும்பிவிட்டார்.

2008-ல் அதே மனிதர் டிவி-யில் வெண்ணெய் விற்றார். ஆமாங்க, 'கன்ட்ரி லைஃப்' வெண்ணெய் விளம்பரம்! "விலை போயிட்டாரே" என்று திட்டு விழுந்தது. ஆனால் 1992-லிருந்து முடங்கிக் கிடந்த தன் இன்னொரு குழு 'பப்ளிக் இமேஜ் லிமிடெட்'டை 2009-ல் மேடையேற்ற அந்தப் பணம்தான் உதவியது. ரெக்கார்டு கம்பெனியிடம் கைநீட்டாமல் சொந்தக் காசில் இசை. இதுவும் பங்க்தானே?

2023 கதை வேற. 67 வயதில், யூரோவிஷனுக்கு அயர்லாந்து சார்பில் போவதற்கான தேர்வுப் போட்டியில் நின்றார். பங்க் ஆட்கள் கேலி செய்யும் பளபளா மேடை அது. அல்சைமரால் நினைவிழந்துகொண்டிருந்த மனைவி நோராவுக்காக எழுதிய 'ஹவாய்' பாட்டைத்தான் அங்கே பாடினார். நோராவை வீட்டில் வைத்துக் கவனித்துக்கொண்டதும் இவர்தான். போட்டியில் ஜெயிக்கவில்லை. ஏப்ரலில் நோரா காலமானார். ஆகஸ்ட்டில் வந்த 'எண்ட் ஆஃப் வேர்ல்ட்' ஆல்பம் அவருக்கே சமர்ப்பணம். அதன் கடைசிப் பாட்டு, 'ஹவாய்'.