வீட்டுப் பாதுகாப்பு: சொந்தக் கமராவா, கண்காணிப்புச் சேவையா?

எமது வர்த்தகர்கள் பலர் கடைக்கு மூன்று பூட்டுப் போடுவார்கள். ஆனால் அன்றைய விற்பனைக் காசை ஒரு ஷொப்பிங் பையில் போட்டு, வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு நித்திரைக்குப் போவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

2023ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு கொழும்பில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கினோம். அக்குறணையிலுள்ள எமது வீட்டில் எவரும் இருக்கவில்லை. நானும் மருமகனும் சேர்ந்து பொருத்திய நான்கு கமராக்கள் மட்டுமே காவலுக்கு இருந்தன. அதிகாலை 2.40க்கு எனது கையடக்கத் தொலைபேசிக்கு அறிவித்தல் வந்திருக்கிறது. போன் சைலன்ட்டில் கிடந்தது. சுபஹுக்கு எழும்பிப் பார்த்தபோதுதான், முகத்தை மூடிய இருவர் எமது பின்கதவடியில் நிற்கும் படத்தைக் கண்டேன்.

அந்த ஒரு படம்தான் மிஞ்சியது. டீவிக்குக் கீழே வைத்திருந்த பதிவுப் பெட்டியையே கள்வர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வெள்ளி, சனி இரண்டு நாள் விற்பனைக் காசும், மனைவியின் நகைகளில் ஒரு பகுதியும் அதோடு போயின.

அன்று நான் விளங்கிக்கொண்டது இதுதான். கமரா ஒரு சாட்சி. அது காவல்காரன் அல்ல. எனவே கமரா வாங்க முன்னர் கேட்க வேண்டிய கேள்வி, "இரவு 2 மணிக்கு எச்சரிக்கை வந்தால் அதை யார் பார்ப்பார், பத்து நிமிடத்துக்குள் யார் வருவார்?" என்பதாகும்.

மாதக் கட்டணம் வாங்கும் கண்காணிப்புச் சேவை இந்தக் கேள்விக்குத்தான் விடை தருகிறது. கதவு, ஜன்னல்களில் காந்த உணரிகளும், அறைகளில் உடல் வெப்பத்தின் அசைவை அறியும் உணரிகளும் பொருத்துவார்கள். அலாரம் அடித்ததும் அவர்களுடைய நிலையத்துக்குச் செய்தி போகும். அங்கே விழித்திருக்கும் ஒருவர் முதலில் உங்களுக்கும், பிறகு நீங்கள் கொடுத்த மற்ற இலக்கங்களுக்கும் அழைப்பார். ஒப்பந்தத்தில் இருந்தால் காவலாளிகளை வாகனத்தில் அனுப்புவார். பொலிஸுக்கும் அறிவிப்பார். நீங்கள் காசு கொடுப்பது அந்த மனிதரின் விழிப்புக்குத்தான், இயந்திரத்துக்கு அல்ல.

களவுக்குப் பிறகு அப்படியொரு நிறுவனத்தை அழைத்துப் பேசினேன். எல்லாம் நன்றாகச் சொன்னார்கள். "வாகனம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டேன். கண்டி நகரிலிருந்து என்றார்கள். அக்குறணைக்கு வந்து சேர அரை மணித்தியாலமாவது செல்லும். எனது தம்பியின் வீடோ இரண்டு வளவு தள்ளித்தான் இருக்கிறது. அவனும் இரண்டு மகன்மாரும் மூன்று நிமிடத்தில் வாசலில் நிற்பார்கள். இதற்கு மாதாந்தம் கட்டணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் கண்டியிலுள்ள எமது கடையின் நிலைமை வேறு. இரவு 8 மணிக்குப் பிறகு அந்த வீதியில் ஆளில்லை. பக்கத்துக் கடைக்காரர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். அங்கே வாகனம் சில நிமிடத்தில் வரும். ஆகவே வீட்டுக்குச் சொந்த ஏற்பாடு, கடைக்குக் கண்காணிப்புச் சேவை என்று முடிவெடுத்தேன். ஒரே வியாபாரிக்கு இரண்டு இடத்தில் இரண்டு விடை பொருந்தலாம்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். மாதக் கட்டணம் 6,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், மூன்று வருடத்துக்கு 216,000 ரூபா. நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 ரூபா. கடையிலுள்ள சரக்கின் பெறுமதியோடு ஒப்பிட்டால் இது பெரிதல்ல. ஆனால் கையொப்பமிட முன்னர் நான்கு விடயங்களைக் கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு? இடையில் நிறுத்தினால் உபகரணங்கள் யாருக்குச் சொந்தம்? வாகனம் எத்தனை நிமிடத்தில் வரும் என்பதை எழுத்தில் தருவார்களா? காவலாளிகளை அனுப்பும் நிறுவனமாயின், 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் பற்றிய சட்டத்தின் கீழ் அனுமதி பெற்றிருக்கிறதா?

இன்னொரு தொல்லையும் உண்டு. எமது கடையில் முதல் மாதத்திலேயே மூன்று தடவை வீணாக அலாரம் அடித்தது. உணரியின் முகப்பில் பல்லி ஓடியதுதான் காரணம். நான்காம் இரவு அலாரத்தைப் போடாமலேயே கடையைப் பூட்ட நினைத்தேன். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். உணரியை இடம் மாற்றித் தரச் சொல்லுங்கள், அலாரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

சொந்தமாகக் கமரா பொருத்துபவர்கள் நான் விட்ட பிழைகளை விடக்கூடாது. முதலாவது, பதிவுப் பெட்டியைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பூட்டி வையுங்கள். முக்கியமான ஒரு கமராவின் பதிவையாவது இணையத்தின் ஊடாக வெளியிலும் சேமியுங்கள். இரண்டாவது, அறிவித்தல் ஒருவருக்கு மட்டும் வரக்கூடாது. எமது வீட்டு எச்சரிக்கை இப்போது எனக்கும் தம்பிக்கும் மருமகனுக்கும் வருகிறது. வீட்டில் ஆளில்லாத இரவுகளில் அதன் சத்தத்தை ஒருவரும் குறைப்பதில்லை. கதவு உணரியோடு உரத்த சைரன் ஒன்றும் பொருத்தியுள்ளேன். கள்வனுக்குக் கமராவைவிட அயலவர் விழிப்பதுதான் பயம்.

மூன்றாவது, மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதுமே இருளில் மூழ்கியது. பதிவுப் பெட்டிக்கு மட்டுமன்றி ரவுட்டருக்கும் பெட்டரி வசதி வேண்டும். ரவுட்டர் நின்றால் அறிவித்தலும் நிற்கும்.

நான்காவது, சேமிப்பு. 2 எம்பிபிஎஸ் வேகத்தில் பதியும் ஒரு கமரா ஒரு நாளில் சுமார் 21 ஜிபி பிடிக்கும். நான்கு கமராக்களுக்கு 1 டீபி ஹார்ட் டிஸ்க் என்றால் 11 நாள் பதிவுதான் இருக்கும். ஸ்டோரில் சரக்குக் குறைவதை மாதக் கடைசியில் கண்டுபிடிப்பவருக்கு அது போதாது.

ஐந்தாவது, கமராவோடு வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். 2016ஆம் ஆண்டு மிராய் என்ற வைரஸ், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கமராக்களிலும் பதிவுப் பெட்டிகளிலும் இலட்சக்கணக்கில் புகுந்தது. பெண்கள் புழங்கும் வீட்டுக்குள்ளே கமரா வைப்பதை இதனால்தான் நான் விரும்புவதில்லை. வாசலும் வளவும் போதும்.

அத்தோடு பெட்டியின் நேரம், திகதியைச் சரியாக வையுங்கள். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியம் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி இத்தகைய பதிவுகளை வழக்கில் சான்றாக முன்வைக்க முடியும். களவு நடந்தால் பதிவை வெட்டித் திருத்தாமல், பெட்டியை அப்படியே வைத்துப் பொலிஸுக்குக் காட்டுங்கள். உடனடி உதவிக்கு 119.

காப்புறுதி அல்லது தகாபுல் எடுத்திருப்பவர்கள், வீட்டில் வைக்கும் காசுக்கு எந்த எல்லை வரை நட்டஈடு கிடைக்கும் என்று இப்போதே கேட்டு வையுங்கள். நான் களவுக்குப் பிறகுதான் கேட்டேன். எனது காப்புறுதியில் வீட்டுப் பொருட்களுக்கு மட்டுமே இடமிருந்தது; கடைக் காசுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை.

கடைசியாக, செலவே இல்லாத பாதுகாப்பு ஒன்றையும் சொல்கிறேன். வங்கி மூடிய பிறகும், சனி, ஞாயிறு தினங்களிலும் காசை வைப்பிலிடும் இயந்திரங்கள் இப்போது பெரும்பாலான நகரங்களில் உள்ளன. வீட்டுக்குப் போகும் வழியில் பத்து நிமிடம் அங்கே நிற்பது எனக்கு இப்போது பழகிவிட்டது. எமது வீட்டு அலுமாரியில் இன்று கடைக் காசு இல்லை. அது ஊருக்குத் தெரிந்தாலும் நல்லதுதான்.