உப்பு ஏறும் கிழங்குக் குழிகள்

பசிபிக் கடலின் நடுவே கிடக்கிற துவாலுவில் ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. பவளம் நொறுங்கிச் சேர்ந்த வெள்ளை மணல்தான் மண். பெரும்பாலான இடங்கள் கடல் மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர்கூட உயரமில்லை. அப்படிப்பட்ட மணல் திட்டில், ஆளை விழுங்கும் உயரத்துக்கு ஒரு சதுப்புச் செடி வளர்கிறது. துவாலு மக்கள் அதைப் புலகா என்கிறார்கள். பக்கத்து நாடான கிரிபாட்டியில் அதன் பெயர் பாபாய். தாவரவியலில் சிர்டோஸ்பெர்மா மெர்குசி. நம் சேம்புக்கும் கருணைக்கும் ஒரே குடும்பத்து உறவு.

நான்கு மீட்டருக்கு மேலும் வளரும். அம்பு முனை போன்ற இலை நிமிர்ந்து வானத்தைப் பார்த்து நிற்கும். தண்டின் அடிப்பகுதியில் முள் உண்டு. வெறுங்கையோடு அது வளரும் குழிக்குள் இறங்கிப் பிடுங்குகிற காரியமில்லை. பல ஆண்டுகள் விட்டுவைத்தால் ஒரே கிழங்கு 80 கிலோ வரை பருக்கும். நிலத்துக்குள்ளேயே கெடாமல் கிடப்பதால், தென்னை காய்க்காத வறட்சிக் காலத்திலும் கை கொடுக்கும். விருந்துக்கும் கல்யாணத்துக்கும் பெரிய கிழங்கைத் தோண்டிக் கொண்டுவந்து வைப்பது குடும்பத்தின் கௌரவம்.

ஆனால் பச்சையாக வாயில் வைத்துவிட முடியாது. காறுகிற கருணை தின்றவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. செடி முழுக்கக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள், நுண்ணூசிகளாகக் கட்டுக் கட்டாக இருக்கின்றன. கடித்ததும் நாக்கிலும் தொண்டையிலும் தைத்து எரியும், வீங்கும். சாறு தோலில் பட்டாலும் அரிப்பு. ஒரே வழி நன்றாக வேகவைப்பதுதான், அரைவேக்காடு உதவாது. துவாலுப் பெண்கள் கிழங்கைத் துருவி, இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்து, தேங்காய்ப் பாலில் பிசைந்து ஃபெக்கெய் என்ற பண்டம் செய்கிறார்கள். கொல்லையில் விளையும் ஆபத்தை அடுப்பிலேயே தீர்த்துக்கொள்ளும் இந்தப் பக்குவம், தலைமுறை தலைமுறையாகப் பரிசோதனைக் கூடம் எதுவுமின்றிச் சேர்ந்த அறிவு. இதை நான் மிகப் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன்.

அதைவிடப் பெரிய சாதனை அந்தக் குழி. பவளத் தீவில் பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மெல்லிய நல்லநீர்ப் படலமாக மிதக்கிறது. கெட்டிப்பட்ட பவளப் பாறையைக் கையால் உடைத்து, அந்த நீர் கசியும் ஆழம் வரை தோண்டினார்கள் முன்னோர்கள். இரண்டு மூன்று மீட்டர் பள்ளம். ஒரு சாண் குறைந்தால் வேருக்கு ஈரம் எட்டாது. கிரிபாட்டியில் ஒவ்வொரு செடியைச் சுற்றியும் தாழை ஓலையால் அடியில்லாத கூடை பின்னி, அதற்குள் இலைதழையையும் மண்ணையும் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவிடுவார்கள். எந்த இலையை, எந்தப் பருவத்தில், எவ்வளவு போடுவது என்பது குடும்ப ரகசியம். மண்ணே இல்லாத ஊரில் மண்ணைச் செய்திருக்கிறார்கள். குழியில் தேங்கும் நீரில் கொசு பெருகும் என்ற தொல்லையும் உண்டு. அதற்காக அந்த உழைப்பை யாரும் கைவிடவில்லை.

உணவாகவும் இது வெறும் மாவு அல்ல. மைக்ரோனேசியாவின் பொன்பெய் தீவில் லோயிஸ் எங்கல்பர்கர் என்ற ஆய்வாளர் பல ரகங்களைச் சோதித்தார். மஞ்சள் சதையுள்ள ரகங்களில் பீட்டா கரோட்டின் மிகுதி என்று காட்டினார். அந்த ஊர்க் குழந்தைகள் வைட்டமின் ஏ குறைபாட்டால் அவதிப்பட்ட காலம் அது. மருந்து கொல்லையில் இருக்க, தட்டில் இறக்குமதி அரிசி இருந்தது. உள்ளூர் உணவுக்குத் திரும்புங்கள் என்று அவரும் அவர் கூட்டாளிகளும் ஊர் ஊராகச் சொன்னார்கள். அந்தத் தீவுகளில் இன்று நீரிழிவு பரவியிருப்பதைப் பார்க்கும்போது, அந்தக் குரல் இன்னும் உரக்க ஒலித்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

காறலைத் தீ தீர்த்தது. உப்பைத் தீர்க்க அடுப்பு போதாது. கடலலை ஏறி குழியை ஒருமுறை நிரப்பினால் போதும், இலை மஞ்சளாகும், கிழங்கு அழுகும். 2015 மார்ச்சில் பாம் புயல் வனுவாட்டுவைத்தான் தாக்கியது. ஆனால் அது கிளப்பிய அலைகள் தொலைவிலிருந்த துவாலுவுக்குள் புகுந்தன. நுய் தீவின் புலகாக் குழிகள் உப்பு நீரில் மூழ்கின. தலைநகர் ஃபுனாஃபுட்டியில் புயல்கூட வேண்டியிருக்கவில்லை. 2000களின் நடுவில் அங்கே குழிகளின் நீரைச் சோதித்தபோது, பலவற்றில் புலகாவால் தாங்க முடியாத அளவுக்கு உப்பு இருந்தது.

இதற்குக் கடல் மட்டம் உயர்வது மட்டும் காரணமல்ல. 1942 அக்டோபரில் அமெரிக்கப் படை அங்கே இறங்கி, ஃபோங்காஃபாலே திட்டில் போர் விமான ஓடுபாதை அமைத்தது. ஆயிரக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன, குழிகள் மூடப்பட்டன. ஓடுபாதைக்கு மண்ணெடுத்த பள்ளங்கள் உப்புக் குட்டைகளாக 2015 வரை அப்படியே கிடந்தன. யாருடைய போருக்கோ ஒரு தீவின் சோற்றுநிலம் போனதை, பருவநிலை பற்றிய பேச்சுக்கிடையே மறந்துவிடக் கூடாது.

பாழான குழியை மீட்கலாம். மழை பெய்து பெய்து உப்பைக் கீழே தள்ள வேண்டும். அதற்குள் அடுத்த பேரலை வரக் கூடாது. பிறகு கன்று தேடி நட வேண்டும், கூடை பின்ன வேண்டும், இலை போட வேண்டும். தோண்டத் தகுந்த கிழங்காக அது பருக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை அந்தக் குடும்பம் அரிசி ஏற்றிவரும் கப்பலை நம்பித்தான் இருக்கும்.