தக்காளி இலை மஞ்சளானால்...

கடை வருமானத்தில் ஒரு பகுதியைத் தோட்டத்தில் முதலிடும் வியாபாரிகள் எம்மில் பலர். நானும் வெலிமடையில் கால் ஏக்கரில் தக்காளி செய்தேன். காய் பிடிக்கும் நேரத்தில் இலைகள் மஞ்சளாகின. பசளைக் கடையில் சொன்னபடி யூரியா வாங்கி இட்டேன். செடி கொழுத்தது, பூ உதிர்ந்தது, மஞ்சள் போகவில்லை. காசுதான் போனது.

பிறகு வந்த விவசாயப் போதனாசிரியர் கேட்ட முதல் கேள்வி, "மஞ்சள் அடியிலையிலா, குருத்திலா?" நான் அதைக் கவனித்திருக்கவேயில்லை.

அடியிலை முழுவதும் வெளிறினால் நைதரசன் குறைவு. யூரியா அதற்குத்தான். அடியிலையில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மகனீசியம் குறைவு. எனது தோட்டத்தில் இருந்தது இதுவே. புளிப்பு மண்ணில் இது சகஜம். பொட்டாஷ் கூடினாலும் வரும். லீற்றருக்கு 20 கிராம் எப்சம் உப்புக் கரைத்து மாலையில் இலைகளுக்குத் தெளித்தோம். மஞ்சளான இலைகள் அப்படியே கிடந்தன, புதியவை பச்சையாக வந்தன. அடுத்த போகத்துக்கு முன் மண்ணைப் பரிசோதித்து டொலமைட் இட்டோம்.

குருத்திலை மஞ்சளாகிச் சுருண்டால் அது பெரும்பாலும் வெண் ஈ பரப்பும் வைரஸ். எந்தப் பசளையும் உதவாது. செடியைப் பிடுங்கி அகற்ற வேண்டும். ஒருபக்க இலைகள் மட்டும் மஞ்சளாகி வாடினால் தண்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே கபில நிறமிருந்தால் பங்கசு வாடல். அந்தப் பாத்தியில் சில வருடங்களுக்குத் தக்காளி நட வேண்டாம்.

போதனாசிரியரின் ஆலோசனைக்கு நான் ஒரு சதமும் கொடுக்கவில்லை.