வீடு விற்காவிட்டால் சம்பளம் வருமா? கோவையில் கட்டுமான வேலைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

கோவையில் காளப்பட்டி, சரவணம்பட்டி, நீலாம்பூர் பக்கம் போனால் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. அதே பகுதியில் விசாரித்தால், "என்கொயரி நிறைய வருதுங்க, புக்கிங்தான் ஆக மாட்டேங்குது" என்பவர்களும் இருக்கிறார்கள். சிவில் முடித்துவிட்டு வேலை தேடுபவர் இதில் எதை நம்புவது?

வீட்டில் "பேசாம ஐ.டி.க்குப் போயிடு" என்கிறார்கள். சீனியர்களோ "ரெண்டு வருஷம் சைட்ல நின்னாத்தான் தொழில் பிடிபடும்" என்கிறார்கள். கட்டுமானம் என்பதை ஒரே சந்தையாகப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம். உண்மையில் இந்தத் துறைக்குப் பணம் பல இடங்களிலிருந்து வருகிறது. உங்கள் சம்பளத்துக்கான பணம் எங்கிருந்து வருகிறது, அது எப்போது நிற்கும் என்று பார்த்தால் முடிவெடுப்பது சுலபம்.

ஊர் வளர்கிறது, பிறகு ஏன் தயக்கம்?

வளர்ச்சிக்கான அடையாளங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. அவிநாசி சாலையில் 10.1 கி.மீ. நீள மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. மேற்குப் புறவழிச் சாலை, விமான நிலைய விரிவாக்கம் ஆகிய திட்டங்களும் கையில் இருக்கின்றன.

ஆனால், அவிநாசி சாலை, சத்தி சாலை வழியாகத் திட்டமிட்ட மெட்ரோ ரயிலுக்கான அறிக்கையை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. மெட்ரோவை நம்பி விலை வைத்தவர்களும் வாங்கியவர்களும் மறுபடி கணக்குப் போட வேண்டிய நிலை.

இன்னொரு காரணம் வட்டி. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம், 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதம் ஆனது. 2025-ல் படிப்படியாகக் குறைந்து டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு வந்தது. இது வீடு வாங்குபவரை எப்படித் தொடுகிறது? 50 லட்சம் ரூபாய் கடனை 20 ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். 7 சதவீத வட்டியில் இ.எம்.ஐ. சுமார் 38,800 ரூபாய். வட்டி 9.5 சதவீதமானால் சுமார் 46,600 ரூபாய். மாதம் கிட்டத்தட்ட 7,800 ரூபாய் கூடுதல். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று ஒரு குடும்பம் தள்ளிப்போட இது போதும். அப்படிப் பல குடும்பங்கள் தள்ளிப்போட்டால், சைட்டில் வேலையின் வேகம் குறையும்.

1. பில்டரிடம் வேலை: புக்கிங்தான் சம்பளம்

அடுக்குமாடித் திட்டங்களில், வாங்குபவர்கள் கட்டும் தவணைதான் வேலையை நகர்த்துகிறது. ரெரா சட்டப்படி, அந்தப் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். வேலை எந்த அளவுக்கு முடிந்திருக்கிறது என்று பொறியாளர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் சான்று கொடுத்த பிறகே அதிலிருந்து எடுக்க முடியும். வேலை நடந்தால்தான் பணம் வெளியே வரும். புக்கிங் ஆனால்தான் அந்தக் கணக்கில் பணமே சேரும்.

கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. அஸ்திவாரம் முதல் பெயின்ட் வரை எல்லாம் கண்ணெதிரே நடக்கும். ஆனால் விற்பனை படுத்தால் முதல் அடி விழுவதும் இங்கேதான்.

2. அரசுப் பணிகள்: பணம் நிச்சயம், நேரம் நிச்சயமில்லை

சாலை, பாலம், குடிநீர், பாதாளச் சாக்கடை எல்லாம் வீட்டு விற்பனையைச் சார்ந்தவை அல்ல. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் மட்டுமே 118.9 கி.மீ., 63,246 கோடி ரூபாய் மதிப்புள்ள திட்டம். ஊர் விட்டு ஊர் போகத் தயாராக இருப்பவருக்கு இங்கே வாய்ப்பு அதிகம்.

சிக்கல் வேறு இடத்தில். வேலையை அளந்து, எம்-புக்கில் ஏற்றி, பில் பாஸாகிப் பணம் வருவதற்குள் மாதங்கள் ஓடலாம். தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் புதிய டெண்டர்கள் தள்ளிப்போகும். பெரிய ஒப்பந்ததாரர் இதைத் தாங்குவார். அவரிடம் சப் காண்ட்ராக்ட் எடுத்த சிறிய நிறுவனத்தால் தாங்க முடியாமல் போகலாம். ஆஃபர் லெட்டரில் யார் பெயர் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

3. பழைய கட்டடங்கள்: பேசப்படாத வாய்ப்பு

புது வீடு விற்கிறதோ இல்லையோ, பழைய வீடு ஒழுகத்தான் செய்யும். ஆர்.எஸ்.புரம், சாய்பாபா காலனி போன்ற பழைய குடியிருப்புப் பகுதிகளில் கம்பி துருப்பிடிப்பது, சிலாப் பெயர்வது, பாத்ரூம் கசிவு என்று வேலை வந்துகொண்டே இருக்கும். கான்கிரீட்டை உடைக்காமல் அதன் வலிமையைச் சோதிப்பது, வாட்டர் புரூஃபிங், தூண்களைப் பலப்படுத்துவது ஆகியவை தெரிந்தவர்களைத் தேடி ஆட்கள் வருவார்கள்.

2024 மார்ச்சில் அமலுக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். கட்டடத்தின் நிலையை ஆராய்ந்து சொல்லும் பொறியாளருக்கு இதிலும் வேலை உண்டு.

4. கம்ப்யூட்டர் முன்னால் கட்டுமானம்

கட்டடத்தை முப்பரிமாண மாடலாக உருவாக்கும் 'பிம்', கம்பி டீட்டெயிலிங், பொருள் அளவும் செலவும் கணக்கிடும் குவான்டிட்டி சர்வேயிங் ஆகிய வேலைகளை வெளிநாட்டு நிறுவனங்களுக்காக இங்கிருந்தே செய்கிறார்கள். உள்ளூர் வீட்டுச் சந்தை படுத்தாலும் இது ஓடும். ஆனால் வெளிநாட்டில் திட்டங்கள் குறைந்தால் இங்கேயும் குறையும். சாஃப்ட்வேர் கோர்ஸ் மட்டும் முடித்தவரைவிட, சைட்டில் கம்பி எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்தவருக்கு இதில் மதிப்பு அதிகம்.

சேரும் முன் என்ன பார்க்கலாம்?

* ரெரா இணையதளம்: 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை அல்லது 8 வீடுகளுக்கு மேல் உள்ள திட்டங்களைப் பதிவு செய்வது கட்டாயம். எத்தனை வீடுகள் புக் ஆகியிருக்கின்றன, வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில்டர் அதில் பதிவேற்ற வேண்டும். இது வீடு வாங்குபவருக்கான வசதி. வேலை தேடுபவரும் தாராளமாகப் பயன்படுத்தலாம். வேலை முடிய வேண்டிய தேதி நெருங்கியும் பாதிகூட புக் ஆகவில்லை என்றால் யோசிக்க வேண்டும்.

* சனிக்கிழமை சம்பளம்: மேஸ்திரியிடமோ கம்பி கட்டுபவரிடமோ "வாரக் கூலி சரியா வருதுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். வாரக் கூலி இழுபட ஆரம்பித்தால், மாதச் சம்பளம் இழுபட ரொம்ப நாள் ஆகாது.

* எத்தனை திட்டங்கள்: ஒரே திட்டத்தை நம்பியிருக்கும் நிறுவனமா, வேறு வேறு கட்டங்களில் மூன்று நான்கு திட்டங்கள் நடக்கின்றனவா?

* நியமனக் கடிதம்: 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. "வாங்க, பாத்துக்கலாம்" என்ற வாய்வார்த்தையை நம்பிச் சேர வேண்டாம். பி.எஃப். பிடிக்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.

கையெழுத்துக்கு ஒரு விலை உண்டு

பணம் இறுகும்போது இன்னொரு நெருக்கடியும் வரும். "க்யூரிங் மூணு நாள் போதும்", "அந்த க்யூப் டெஸ்ட் ரிப்போர்ட்ல சைன் போட்டுருங்க" என்று மேலிடத்திலிருந்து சொல்வார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு மறுக்கத் தயக்கமாக இருக்கும். 2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் உயிரிழந்ததை இந்தத் துறை மறந்துவிட முடியாது. ரெரா சட்டப்படி, வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுகள் வரை கட்டமைப்புக் குறைபாட்டுக்கு பில்டரே பொறுப்பு. அப்போது விசாரணை வந்தால் பழைய பதிவேடுகளும் அவற்றில் உள்ள கையெழுத்துகளும் வெளியே வரும். சோதனை முடிவுகள், காங்கிரீட் போட்ட தேதிகள், நீங்கள் அனுப்பிய மெயில்கள் ஆகியவற்றின் நகலைக் கையில் வைத்திருப்பது நல்லது.

அப்போ எதைத் தேர்வு செய்வது?

குடும்பக் கடன் இருக்கிறது, ஒரு மாதச் சம்பளம் தவறினாலும் சமாளிக்க முடியாது என்பவருக்கு பெரிய ஒப்பந்த நிறுவனமோ டிசைன் அலுவலகமோ பாதுகாப்பு. ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இருப்பவர் பில்டரின் சைட்டில் சேர்ந்து தொழில் கற்கலாம். அரசு வேலைதான் லட்சியம் என்றால் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டே சைட் அனுபவத்தையும் சேர்க்கலாம். வெறும் காத்திருப்பில் வருடங்களைக் கரைக்க வேண்டியதில்லை.

எங்கே சேர்ந்தாலும், இரண்டு வருடத்துக்குள் இன்னொரு பக்கமும் செல்லுபடியாகும் ஒரு வேலையைக் கைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். பில்லிங், அளவெடுப்பு, தரச் சோதனை மூன்றும் அப்படிப்பட்டவை. வீடு கட்டும் சைட், பாலம் கட்டும் சைட், பழைய கட்டடம் என எங்கு போனாலும் இவை தேவைப்படும்.