தவணை தொடர்கிறது, காப்பீடு தொடர்கிறதா?

வீட்டுக் கடன் தவணை ஒரு நாள் தாமதமானாலும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. வாகனக் காப்பீடு முடிந்துபோனால் சாலையில் நிறுத்திக் கேட்கக் காவலர் இருக்கிறார். ஆனால் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கட்டிய வீட்டின் காப்பீடு காலாவதியானால் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. வெள்ளமோ தீயோ வந்த பிறகு பீரோவிலிருந்து பாலிசியை எடுத்துப் பார்க்கும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது.

பொறுப்பு யாருடையது?

‘கடன் வங்கியில் இருக்கிறது, காப்பீட்டையும் வங்கியே பார்த்துக்கொள்ளும்’ என்பது வாடிக்கையாளர்களிடையே பரவலாக உள்ள எண்ணம். அடமானச் சொத்தைக் கடன் தீரும்வரை காப்பீடு செய்து வைத்திருக்க வேண்டும் என்பது வீட்டுக் கடன் ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. அதை நிறைவேற்ற வேண்டியவர் கடன்தாரரே. அவர் தவறினால் வங்கி தானே பிரிமியத்தைச் செலுத்தி, அதைக் கடன் கணக்கில் பற்று வைக்கலாம் என்றும் ஒப்பந்தம் கூறக்கூடும். அது வங்கிக்கு அளிக்கப்பட்ட உரிமை. அதை நம்பி வாடிக்கையாளர் வாளாவிருத்தல் தகாது.

காப்பீடு விட்டுப்போவதற்கான காரணங்களும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கடன் 20 ஆண்டுகளுக்கு. கடன் பெறும்போது ஒரே தவணையில் பிரிமியம் செலுத்தி எடுத்த பாலிசியோ 10 ஆண்டுகளுக்கு. பதினோராம் ஆண்டிலும் தவணை வழக்கம்போல் பிடிக்கப்படுவதால் காப்பீடும் தொடர்வதாகவே வாடிக்கையாளர் எண்ணுகிறார். இரண்டாவது, கடனை வேறு வங்கிக்கு மாற்றும்போதோ முழுமையாக அடைக்கும்போதோ காப்பீடு பேச்சிலிருந்தே விடுபட்டுப்போவது. கடன் தீர்ந்த 30 நாள்களுக்குள் அசல் சொத்து ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. ஆவணங்களைப் பெற்ற மகிழ்ச்சியில், பாலிசியில் வங்கியின் பெயர் இன்னும் இருப்பதையும் அதன் முடிவு நாளையும் பார்ப்பவர் சிலரே. மூன்றாவது, நிலையான பற்று உத்தரவு அளித்த கணக்கில் போதிய இருப்பு இல்லாமை, அல்லது கைப்பேசி எண் மாறிவிட்டதால் நினைவூட்டல் வந்து சேராமை.

இன்னொரு குழப்பமும் உண்டு. கடனுடன் சேர்த்து எடுக்கப்படும் கடன் பாதுகாப்பு ஆயுள் காப்பீட்டை வீட்டுக் காப்பீடு என்றே பலர் கருதுகின்றனர். முன்னது கடன்தாரர் மறைந்தால் கடனை அடைக்க உதவுவது. வீடு எரிந்தால் அதிலிருந்து ஒரு ரூபாயும் கிடைக்காது.

சலுகைக் காலம் இல்லை

ஆயுள் காப்பீட்டில் மாதத் தவணைக்கு 15 நாள்களும் மற்றத் தவணைகளுக்கு 30 நாள்களும் சலுகைக் காலமாக உண்டு. அந்நாள்களில் பாதுகாப்பும் தொடரும். வாகனக் காப்பீட்டில் 90 நாள்களுக்குள் புதுப்பித்தால், இழப்பீடு கோராமைக்கான தள்ளுபடியாவது தங்கும். இந்தப் பழக்கத்தால் வீட்டுக் காப்பீட்டுக்கும் அவகாசம் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். பொதுவாக, பாலிசியில் குறித்த கடைசி நாளோடு இதன் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. பிரிமியம் முன்கூட்டியே கைக்கு வராமல் காப்பீட்டு நிறுவனம் எந்த இடரையும் ஏற்கலாகாது என்பது 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவு. ஆகவே, இன்று பணம் செலுத்தி நேற்றைய சேதத்துக்கு இழப்பீடு பெற வழியில்லை.

பத்து நாள் இடைவெளியில் என்ன நடந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பெய்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ அதே அளவு மழை ஒரே நாளில் கொட்டியது. 2001 ஜனவரி 26 காலை குஜராத்தின் கட்ச் பகுதியைக் குலைத்த நிலநடுக்கம் சில நிமிடங்கள்கூட நீடிக்கவில்லை.

காலாவதியானது தெரிந்ததும்

முதலில், அன்றைக்கே புதிய பாதுகாப்பைப் பெற முயலுங்கள். மழைக்காலம் நெருங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்த பின்னர் நிறுவனங்கள் புதிய பாலிசி வழங்கத் தயங்கக்கூடும். பழைய நிறுவனத்திடமே செல்ல வேண்டும் என்பதில்லை. வங்கி பரிந்துரைக்கும் நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இரண்டாவது, உண்மையை மறைக்காதீர்கள். இடைவெளி ஏற்பட்டிருந்தால் நிறுவனம் வீட்டைப் பார்வையிடலாம், புகைப்படம் கேட்கலாம், இதுவரை சேதம் ஏதுமில்லை என்று உறுதிமொழி கோரலாம். ஏற்கெனவே உள்ள விரிசலையோ நீர்க்கசிவையோ மறைத்துப் பெறும் பாலிசி, இழப்பீடு கோரும் நாளில் கைகொடுக்காது.

மூன்றாவது, கடன் நிலுவையில் இருந்தால் புதிய பாலிசியில் வங்கியின் உரிமையைக் குறிக்கும் ஷரத்தைச் சேர்த்து, நகலைக் கிளையில் கொடுத்து ஒப்புதல் பெறுங்கள். நகல் கிளையின் பதிவேட்டில் இல்லையெனில், வங்கியும் ஒரு பாலிசி எடுத்து ஒரே வீட்டுக்கு இருமுறை பிரிமியம் செலுத்த நேரிடலாம்.

இடைவெளியில் சேதம் நேர்ந்தால்

உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம், தேதிகளைச் சரிபாருங்கள். பாலிசி நடப்பில் இருந்த நாளில் நேர்ந்த இழப்பு, காலாவதிக்குப் பின் தெரியவந்தாலும் அதைக் கோர இடமுண்டு. பிரிமியம் உரிய காலத்தில் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டும் பாலிசி வந்து சேராமல் இருந்தால், கணக்கு அறிக்கையே உங்கள் சான்று. அதனுடன் நிறுவனத்துக்கும் வங்கிக்கும் எழுத்து மூலம் முறையிடுங்கள். தீர்வு கிடைக்காவிடில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணையதளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் பதியலாம். அதன் பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரையும் அணுகலாம்.

பாலிசி உண்மையிலேயே முடிந்திருந்தால், இழப்பை நாமே தாங்க வேண்டியதுதான். முழுமையாக இடிந்த வீட்டுக்கு மாநிலப் பேரிடர் மீட்பு நிதியிலிருந்து 2022–23 முதல் 2025–26 வரை வகுக்கப்பட்ட உதவித்தொகை சமவெளியில் 1.20 லட்சம் ரூபாய். அது துயர் தணிக்கும் உதவி. வீட்டை மீண்டும் எழுப்பும் தொகையன்று. வீடு இல்லாமற்போனாலும் கடன் இருக்கும் என்பதையும் மறக்கலாகாது. இந்நிலையில் தவணையை நிறுத்திவிட்டு ஒதுங்குவது கடன் வரலாற்றையும் கெடுத்துவிடும். சேதத்தின் புகைப்படங்களுடன் கிளை மேலாளரைச் சந்தித்து, தவணைக் காலத்தை மாற்றியமைக்க இயலுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

புதுப்பிக்கும்போது கணக்கிட வேண்டியது

2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் ஒரே சீரான வீட்டுக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி வெடித்தல் ஆகியவை இதில் அடங்கும். திருட்டைப் பொறுத்தவரை, இத்தகைய நிகழ்வு நேர்ந்த 7 நாள்களுக்குள் நடந்தால் மட்டுமே இழப்பீடு உண்டு. மற்றத் திருட்டுகளுக்குத் தனிக் காப்பீடு வேண்டும்.

காப்பீட்டுத் தொகை என்பது வீட்டின் சந்தை விலையன்று. நிலம் எரிவதில்லை, எனவே மீண்டும் கட்டும் செலவே கணக்கு. எடுத்துக்காட்டாக, 1,200 சதுர அடி வீட்டைக் கட்டச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் ஆகுமெனில் கட்டடத்துக்கு 30 லட்சம் ரூபாய் காப்பு வேண்டும். கட்டடத்துக்கும் பொருள்களுக்கும் சேர்த்து எடுக்கும் பாலிசியில், வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, உச்சவரம்பாக 10 லட்சம் ரூபாய் வரை, பட்டியல் ஏதுமின்றியே காப்பு உண்டு. இந்த எடுத்துக்காட்டில் அது 6 லட்சம் ரூபாய். நகைகளுக்கும் கலைப்பொருள்களுக்கும் தனியே மதிப்பிட்டு எடுக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்போர், சங்கம் எடுத்துள்ள பாலிசி தம் வீட்டின் உட்பகுதியையும் காக்கிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுதல் நன்று.

இப்பாலிசியை 10 ஆண்டுகள் வரை ஒரே முறையில் எடுக்கலாம். ஆண்டுதோறும் மறக்கும் இடர் அதனால் குறையும். ஆனால் பத்தாம் ஆண்டின் முடிவு நாள் நினைவில் தங்குவது அதைவிடக் கடினம். ஆகவே பாலிசி எண்ணையும் முடிவு நாளையும் ஒரு தாளில் எழுதிச் சொத்து ஆவணக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள். வீட்டு வரி செலுத்தும்போதெல்லாம் அதை ஒருமுறை பாருங்கள். குடும்பத்தில் இன்னொருவருக்கும் அந்த நாளைத் தெரிவித்து வையுங்கள். கைப்பேசி எண்ணோ கணக்கோ மாறினால், வங்கிக்கு மட்டுமின்றிக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்.

இந்த இதழை மூடி வைக்குமுன் பாலிசியை எடுத்து, முடிவு நாளைப் பார்த்துவிடுங்கள். அது கடந்திருந்தால் நாளைக் காலை முதல் வேலை அதுவாகவே இருக்கட்டும்.