சூரியன் மறையுது, போட்டோ விக்குமா?

ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் மாதிரி ஏதாவது ஒரு தளத்துல ‘சன்செட்’னு தேடிப் பாருங்க. லட்சக்கணக்குல படம் வந்து கொட்டும். எல்லாமே அழகாத்தான் இருக்கும். பிரச்சினையே அதுதான். பசுமலைப் பக்கம் நீங்க எடுக்கற ஆரஞ்சு வானமும் பிரேசில்ல ஒருத்தர் எடுத்த ஆரஞ்சு வானமும் வாங்குறவர் கண்ணுக்கு ஒண்ணுதான்.

காசு விஷயத்தை முதல்லயே பேசிடலாம். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூன்ல கொண்டுவந்த கணக்குப்படி, ஆரம்பத்துல உங்க பங்கு 15%. டவுன்லோட் ஏற ஏற அது 40% வரைக்கும் போகும். ஆனா ஜனவரி 1 வந்தா எல்லாரும் மறுபடி 15%தான். ஒரு டவுன்லோடுக்கு 10 சென்ட் மட்டும் கிடைக்கறதும் உண்டு. அடோபி ஸ்டாக் போட்டோவுக்கு 33% தருது. ஒரு படத்தை நம்பி செமஸ்டர் ஃபீஸ் கட்ட முடியாது. யாருக்கு எதுக்குத் தேவைன்னு யோசிச்சு எடுத்த படங்கள் நிறைய சேர்ந்தா, கொஞ்சம் கொஞ்சமா காசு வரலாம்.

எதுக்குத் தேவைங்கறதுக்கு நல்ல உதாரணம் விண்டோஸ் எக்ஸ்பி-யோட வால்பேப்பர். சார்லஸ் ஓ’ரியர் 1996-ல கலிஃபோர்னியாவுல எடுத்தது. ஒரு பச்சை மலை, மேல நீல வானம், அவ்வளவுதான். (பசுமலைன்னாலும் பச்சை மலைதானே!) மைக்ரோசாஃப்ட் அதை ஏன் வாங்கியிருக்கும்? ஐகான் எல்லாம் வைக்க அதுல காலி இடம் இருந்ததும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். படம் வாங்குற டிசைனர் அது மேல எழுத்து வைக்கணும். நம்மாளுங்க சூரியனை நட்ட நடுவுல வெச்சு, சுத்தி மரம், ஒயர், பைக்னு நிரப்பிடுறாங்க. எழுத்தை எங்க வைக்கறது? சூரியனை ஒரு ஓரத்துக்குத் தள்ளுங்க, மூணுல ரெண்டு பங்கு வானத்தை சும்மா விடுங்க. அதே காட்சியை நீளவாக்குல ஒண்ணு, குறுக்குவாக்குல ஒண்ணு எடுங்க.

அடுத்தது இடம். வெறும் அஸ்தமனத்துக்கு லட்சக்கணக்குல போட்டி. ஆனா ‘கீழக்குயில்குடி சமணர் மலை, மதுரை’ன்னு சரியா பேர் போட்ட அஸ்தமனத்துக்குப் போட்டி ரொம்பக் கம்மி. மலையடிவாரத்துல தாமரைக்குளம், அய்யனார் கோயில், மேல சமணச் சிற்பங்கள். பாடப்புத்தகம், சுற்றுலாக் கையேடு, பயணக் கட்டுரை போடறவங்களுக்குத் தேவைப்படறது இதுதான். அது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம், அதனால ட்ரைபாட் வைக்கற எண்ணம் இருந்தா முன்கூட்டியே அனுமதி கேளுங்க. பசுமலையில ட்ரோன் பறக்கவிடற ஆசை இருந்தா, விமான நிலையம் பக்கத்துல இருக்கறதை மறக்காதீங்க. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

இனி கொஞ்சம் ஜியோமெட்ரி, நம்ம ஏரியா. மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில இருக்கு. அதனால சூரியன் இங்க சாய்வா சறுக்காது, கிட்டத்தட்ட நேரா கீழ இறங்கும். அடிவிளிம்பு அடிவானத்தைத் தொட்டதுல இருந்து முழுசா மறைய ரெண்டு நிமிஷம் சொச்சம்தான். அதுக்கப்புறம் உருப்படியான வெளிச்சம் இருபது நிமிஷம். ‘கோல்டன் ஹவர்’னு லண்டன்காரர் யூடியூப்ல நிதானமா சொல்றதை நம்பி டீ குடிக்கப் போனா கதை முடிஞ்சுது.

சூரியன் இறங்குற இடமும் நகர்ந்துகிட்டே இருக்கும். ஜூன் கடைசியில நேர் மேற்குல இருந்து சுமார் 24 டிகிரி வடக்கே, டிசம்பர்ல அதே அளவு தெற்கே. வண்டியூர் தெப்பக்குளத்துல கிழக்குக் கரையில நின்னு, மைய மண்டபத்துக்குப் பின்னாடி சூரியனைக் கொண்டுவரணும்னு வைங்க. ஜூன்ல சூரியன் வடக்கே ஒதுங்கும், நீங்க கரையில தெற்கே நகரணும். டிசம்பர்ல தலைகீழ். மார்ச், செப்டம்பர் 20 வாக்குல நேர் எதிர்ல நின்னா போதும்.

மொபைல்ல எடுத்தா சூரியன் ஏன் புள்ளியா போகுது? வானத்துல அதோட அளவு அரை டிகிரிதான். சென்சார்ல விழற சூரியனோட அகலம், லென்ஸோட ஃபோகல் லெங்த்தை 110-ஆல வகுத்தா வரும். 200 மி.மீ. லென்ஸ்னா 1.8 மி.மீ., அதாவது ஃபுல் ஃபிரேம் படத்தோட உயரத்துல பதிமூணுல ஒரு பங்கு. மொபைலோட மெயின் கேமராவுல நூத்துல ஒரு பங்கு.

இதே 110 வேற விதத்துலயும் உதவும். ஒரு பொருள், அதோட உயரத்தைப் போல 110 மடங்கு தூரத்துல இருந்தா சூரியன் அளவுக்குத் தெரியும். 1.7 மீட்டர் ஆள் சூரியனுக்குள்ள அடங்கணும்னா சுமார் 190 மீட்டர் தள்ளி நிக்கணும். மாடக்குளம் கண்மாய் மாதிரி இடம் இதுக்குன்னே இருக்கு. நண்பன் மேற்குப் பக்கம் கரை மேல, நீங்க கிழக்கே டெலி லென்ஸோட. முகம் தெரியாத கறுப்பு உருவமா விழறதுல இன்னொரு வசதி. முகம் தெரியற ஆள் இருந்தா விளம்பரத்துக்கு விக்க அவர் கையெழுத்துப் போட்ட மாடல் ரிலீஸ் வேணும். இல்லன்னா ‘எடிட்டோரியல்’ பிரிவுல மட்டும்தான் போகும்.

எடுக்கும்போது வெளிச்சமான பகுதிக்கு எக்ஸ்போஷர் வைங்க, நிழல் கறுத்தா கறுக்கட்டும். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோல இருந்தா கேமரா அந்தச் சிவப்பைத் ‘திருத்தி’ வெளுக்க வெச்சிடும், டேலைட்ல வைங்க. ரா ஃபைல்ல எடுங்க. சூரியன் மேல இருக்கும்போது ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியா டெலி லென்ஸ்ல பாக்கவே பாக்காதீங்க, கண்ணு போயிடும். எடிட்டிங்ல சாச்சுரேஷனைக் கண்டபடி ஏத்துனா தளங்கள் நிராகரிக்க வாய்ப்பு அதிகம். அடிவானம் சாஞ்சிருந்தாலும் அதே கதி.

ஸ்டாக் தளம் மட்டும்தான் சந்தைன்னு நினைக்காதீங்க. நம்ம பக்கத்துலயே சிவகாசி இருக்கு. அடுத்த வருஷ காலண்டர் ஆல்பங்கள் அங்க ஆடிப்பெருக்கு அன்னைக்கே வெளிவந்திடும். டிசம்பர்ல படத்தைத் தூக்கிட்டுப் போனா யாரும் சீந்த மாட்டாங்க. ஆடிக்கு ரொம்ப முன்னாடியே போகணும். 12 மெகாபிக்சல் மொபைல் படம், 300 டி.பி.ஐ.-ல சுமார் 13-க்கு 10 இஞ்ச்தான் வரும். ஏ3 அளவு காலண்டருக்கு 17 மெகாபிக்சல் சொச்சம் தேவை. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா அது சுருக்கிடும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க.

கடைசியா பேப்பர் வேலை. ஒரு ஓட்டல் உங்களைக் காசு கொடுத்துக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னா, 1957 காப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவுப்படி, வேற ஒப்பந்தம் இல்லன்னா அந்தப் படத்தோட உரிமை அவங்களுக்குத்தான். நீங்களா எடுத்து வெச்ச படத்தை அவங்க கேட்டா உரிமை உங்ககிட்டயே இருக்கும், பயன்படுத்த மட்டும் அனுமதி கொடுக்கலாம். எதுக்கு, எத்தனை வருஷம், எந்த ஊர்லன்னு எழுதி வாங்குங்க. காலம் எழுதலன்னா சட்டம் அதை 5 வருஷம்னு எடுத்துக்கும், இடம் எழுதலன்னா இந்தியா முழுக்க. “தம்பி, பேர் போடறோம், காசு எதுக்கு”ன்னு கேக்கறவங்களும் வருவாங்க. அவங்களுக்கு வாட்ஸ்அப் சைஸ் போதும்.