கதைவிளையாட்டும் காணியும்

1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆங்கில மாத இதழில் வங்கத்தின் ரொக்கையா பேகம் ‘சுல்தானாவின் கனவு’ எழுதினார். அறிவியல் கற்பனையைக் கொண்டு, வீட்டுக்குள் அடைபட்ட பெண்ணுக்காக நியாயம் கேட்ட கதை அது. அந்த வேலையைப் பலர் கூடியிருந்து செய்யும் விளையாட்டொன்றும் இருக்கிறது: ஜோசுவா நியூமன் 2006இல் வெளியிட்ட ‘ஷாக்’.

தாளில் கட்டம் கீறவேண்டும். ஒரு பக்கம் நம்மை உறுத்தும் சமூகப் பிரச்சினைகள். மறுபக்கம் உலகத்தையே மாற்றிவிட்ட கற்பனைப் புதுமை. அந்தப் புதுமைக்குத்தான் ‘ஷாக்’ என்று பெயர். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஆளுக்கொரு பாத்திரம். அதன் எதிராளியாகப் பேசுபவர் பக்கத்தில் இருப்பவர். இழுபறி வந்தால் பகடை தீர்க்கும்.

கரம்பொனில் இருந்து நாம் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். புதுமை, கடல்நீரை வீட்டுக்கு வீடு நன்னீராக்கும் கருவி. பிரச்சினை, 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமை. தீவுக்குத் திரும்பிய உம்மா ஒருவர் கேட்கிறார்:

“தண்ணி வந்திட்டுது. உறுதி துலைஞ்சு போச்சு; வளவு எங்கடதெண்டு ஆர் சொல்லுவினம்?”

“இவ்வளவு காலமும் நாங்கள்தானே பாத்தம்?” என்கிறார் வேலிக்கு அப்பால் இருப்பவர்.

கருவி தண்ணீர்க் கஷ்டத்தைத் தீர்த்துவிட்டது. வழக்கு அப்படியே நிற்கிறது. அந்த அயலவரின் நியாயத்தையும் நம்மில் ஒருவர்தான் மனமறிந்து பேசியாகவேண்டும். ஆட்டத்தில் கஷ்டமான இடம் அதுதான். நமக்குப் பிரயோசனமான இடமும் அதுதான்.